ஜன்னல் பக்கம் சாய்ந்த முளை

அத்தியாயம் 11

வெள்ளரியேந்தலில் மழை கேட்டு மாரியம்மனுக்கு முளைப்பாரி போட்டார்கள். போட்ட முளைப்பாரியைக் கரைக்க ஊருணியில் தண்ணீர் இல்லை. அம்மனுக்கே இது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்திருக்கும். கோயில் கமிட்டி கூடிப் பேசி, வெயில் தாங்காமல் பாதியில் எழுந்துபோய், மறுபடி கூடி, கடைசியில் மூக்கையூர்க் கடலில் கொண்டுபோய்க் கரைப்பது என்று முடிவு செய்தது.

கடலாடி தாண்டித் தெற்கே போனால் கடல். பக்கம்தான். ஆனால் ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் ஆடி அமாவாசைக்கு அல்லாமல் கடலைப் பார்த்ததே இல்லை. அதனால் கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தாலும் அன்றைக்கு ஒருத்திக்கும் கால் தரையில் பாவவில்லை.

நம் இரண்டு பெண்களைப் பற்றி மறந்திருந்தால் இதோ. கவிப்ரியா, சண்முகவள்ளியின் மகள். வாய் கொஞ்சம் நீளம். கோபம் பொசுக்கென்று வரும், போகும்போதும் சொல்லாமல் போய்விடும். கலைச்செல்வி, மிளகாய் விவசாயி வீரையாவின் ஒரே மகள். பேச்சு குறைவு, காது கூர்மை. ஒன்றாம் வகுப்பிலிருந்து இருவருக்கும் ஒரே பெஞ்சு. பிளஸ் டூ ரிசல்ட் வந்து, இப்போது ராமநாதபுரத்தில் ஒரே கல்லூரி, ஒரே ஹாஸ்டல் என்று பெட்டி வாங்குவது வரைக்கும் போயிருந்தது.

கவிப்ரியா தன் மனசில் இருந்த எதையும் கலைச்செல்வியிடம் மறைத்ததில்லை. டியூஷனில் ஒரு பையன் மேல் ஆசை வந்ததையும் சொன்னாள். அவன் மூக்கைக் குடைவதைப் பார்த்ததும் அந்த ஆசை ஓடிப்போனதையும் சொன்னாள். பதிலுக்கு, உனக்கு யாரும் இல்லையாடி என்று கேட்டதற்குக் கலைச்செல்வி, எனக்கு என்னடி, ஒண்ணுமில்லை என்று சொல்லிவிட்டாள். போன வாரம் முளைப்பாரி வீட்டுக்குள் கலைச்செல்வி தனியாக நின்று சிரித்தாளே, அதை நீங்கள் பார்த்தீர்கள். கவிப்ரியா பார்க்கவில்லை.

கோயிலை ஒட்டிய அந்த ஓட்டு வீட்டுக்கு வடக்கே ஒரே ஒரு ஜன்னல். அதையும் சாக்கு வைத்து ஆணி அடித்து மூடியிருந்தார்கள். இருட்டில் வளர்ந்தால்தான் முளை வெளிறி, மஞ்சளாக, நெடுநெடுவென்று நேராக எழும்பும். வெளியே எடுக்கிற நாள் வரைக்கும் ஆண்பிள்ளைகள் கண்ணில் அது படக் கூடாது. தண்ணீர் தெளிக்க மட்டும் காப்புக் கட்டிய இரண்டு பெண்கள் கதவை ஒருக்களித்து, அரையிருட்டில் உள்ளே போவார்கள். இந்த வருஷம் அந்தப் பொறுப்பு நம் இருவருக்கும். காலைத் தண்ணீர் கவிப்ரியா, மத்தியானத் தண்ணீர் கலைச்செல்வி. முளைப்பாரிப் பெண்களுக்கெல்லாம் தலைமை சண்முகவள்ளி. சாவி அவள் இடுப்பில்.

அன்று காலை சண்முகவள்ளி கதவை விரியத் திறந்தாள். குலவை போடத் தயாராக வாயைக் குவித்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

நடுவில் இருந்த சட்டிகளில் முளை நேராக நின்றது. ஜன்னலை ஒட்டிய வரிசையில் மட்டும் அத்தனை முளையும் வடக்கே சாய்ந்திருந்தது. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எல்லாம் ஒன்றாகத் திரும்பிப் பார்த்ததுபோல் இருந்தது. அதில் முதல் சட்டி சண்முகவள்ளியுடையது. பாலிடெக்னிக் படிக்கும் மகன் மருதுபாண்டிக்கு நல்ல புத்தி வர வேண்டும் என்று நேர்ந்துகொண்டு அவள் போட்டது.

வடக்கே இருந்து மழை வரும் என்றாள் ஒருத்தி. ஏதோ குற்றம் நடந்திருக்கிறது, அம்மன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்றாள் இன்னொருத்தி. சண்முகவள்ளி இருவரையும் வாயை மூடச் சொன்னாள்.

“வருசா வருசம் மொளகா நாத்துப் போடுறவளுகதானே எல்லாரும்? நாத்து எந்தப் பக்கம் சாயும்? வெளிச்சம் வார பக்கம். அம்மன் ஒண்ணும் பண்ணல. எவளோ ஜன்னலத் தெறந்திருக்கா.”

போய்ச் சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு பக்கத்து ஆணி பிடுங்கியிருந்தது. உள்ளே வந்துபோனவர்கள் இரண்டே பேர். அவள் பார்வை இருவர் மேலும் வந்து நின்றது.

தான் திறக்கவில்லை என்று கவிப்ரியாவுக்குத் தெரியும். ஆகவே பக்கத்தில் நின்றவளைத் திரும்பிப் பார்த்தாள். கலைச்செல்வியின் முகத்தில் ரத்தமே இல்லை. கண் தரையைவிட்டு எழவில்லை.

வெளியே வீரையா டிராக்டரில் வேப்பங்குலை கட்டிக்கொண்டிருந்தார். மகளை ஹாஸ்டலுக்கு அனுப்ப அவர் சம்மதித்ததே பெரிய கதை. வயசுப் பெண்ணை வெளியூரில் விட மாட்டேன் என்று ஒரு மாதம் ஒற்றைக் காலில் நின்றார். தங்கச்சி முறையான சண்முகவள்ளி, ரெண்டும் ஒண்ணாப் போகட்டும் அண்ணே, நான் பொறுப்பு என்று சொன்ன பிறகுதான் இறங்கி வந்தார். அப்போதும் ஒரு கண்டிஷன் போட்டார். மகளைப் பற்றி ஒரு சொல் காதில் விழுந்தால் பெட்டியை இறக்கி வைத்துவிட வேண்டும்.

இப்போது அந்தச் சொல் வாசலில் வந்து நின்றது.

“நான்தான்மா தெறந்தேன்,” என்றாள் கவிப்ரியா. “உள்ள வேர்த்துக் கொட்டுச்சு. மூச்சு முட்டுச்சு.”

யோசித்துச் சொன்னதில்லை. வாய் நீளம் என்று சொன்னோமே, அது சில நேரம் மனசுக்கு முன்னால் போய் நிற்கும்.

சண்முகவள்ளிக்குக் கோபத்தில் மூக்கு விடைத்தது. வேறு ஒருத்தியாக இருந்தால் நாலு திட்டோடு விட்டிருப்பாள். தன் மகள் என்பதால் விட முடியவில்லை. நாளைக்கு ஊர் பேசும். முளைப்பாரி வீட்டுக் கட்டுப்பாட்டை மீறியவள் இந்த வருஷம் முளைப்பாரி தூக்கக் கூடாது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். சட்டியை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. கவிப்ரியாவின் சட்டியையும் சேர்த்துக் கலைச்செல்வி கொண்டுவர வேண்டும் என்று முடித்தாள்.

கவிப்ரியாவுக்கு அழுகை முட்டியது. பத்தாம் வகுப்பு, அப்புறம் பிளஸ் ஒன், அப்புறம் பிளஸ் டூ என்று படிப்பைச் சாக்குச் சொல்லி அம்மா ஒவ்வொரு வருஷமும் தள்ளிப்போட்டாள். இதுதான் அவளுக்கு முதல் முளைப்பாரி. நடுவரிசையில், மஞ்சள் கயிறு கட்டிய சட்டியில், தினமும் மூச்சு விடாமல் பார்த்துப் பார்த்து வளர்த்தாள். அதைத் தலையில் வைத்துக் கடலுக்குள் இறங்குவதாகக் கனவுகூடக் கண்டாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கலைச்செல்வி வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு வார்த்த என்னயக் கேக்காம எதுக்குடி பழிய ஏத்துக்கிட்ட?”

“கேட்டா நேரமாயிரும்ல. அங்கன ஒங்க அய்யா நிக்காரு,” என்றாள் கவிப்ரியா. “சரி, எதுக்குடி தெறந்த?”

கலைச்செல்வி அவள் கண்ணைப் பார்த்தாள். ஒரு நொடி எதையோ சொல்லப்போகிறவள்போல் இருந்தாள்.

“வெக்கைடி,” என்றாள். “காத்துக்குத்தான்.”

கவிப்ரியா அப்படியே நம்பினாள். நம்பியது மட்டுமல்ல, தோழிக்காகத் தியாகம் செய்துவிட்டோம் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் சட்டியை ஆட்டாமல் கொண்டு வா, ஒரு முளை முறிந்தாலும் உன்னோடு பேச மாட்டேன் என்று மிரட்டிவிட்டு வந்தாள்.

வெயிலிலும் காற்றிலும் முளை வாடிவிடக் கூடாது என்று ஒவ்வொரு சட்டியையும் வெள்ளைத் துண்டு போட்டு மூடித்தான் பெண்கள் வெளியே எடுத்தார்கள். கடற்கரையில்தான் துண்டை விலக்குவது. ஆண்களை எல்லாம் கொட்டுமேளத்தோடு டிராக்டரில் முன்னால் அனுப்பியாயிற்று. சட்டிகளும் பெண்களும் ஏறியது குட்டி யானையில். ஏர்வாடி சுஐபு அண்ணனின் வண்டி அது. லீவு நாட்களில் மருதுபாண்டிதான் அதை ஓட்டுவான். முளைப்பாரியைத் தொடக் கூடாதவள் முன்னால் உட்காரட்டும் என்று சண்முகவள்ளி சொல்ல, கவிப்ரியா அண்ணன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

ஊர் எல்லை தாண்டியும் மருதுபாண்டி பேசவில்லை. வழக்கமாக அவன் வாயை மூட வைப்பதுதான் பாடு. பாட்டுப் போடவில்லை, எதிரே வந்த பஸ்ஸை முந்தவில்லை, தங்கச்சி தலையில் குட்டவில்லை. தங்கச்சி முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். இரண்டு பக்கமும் சீமைக்கருவேல மரங்கள் தூசி படிந்து நின்றன. களங்களில் மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. அதன் நெடி உள்ளே வந்து இருவருக்கும் தும்மல் வந்தது.

“வருத்தப்படாத கவி,” என்றான் கடைசியில். “இருக்கதுலயே ஒன் முளைதான் ஒசரம். நடுவுல, மஞ்சக் கயிறு கட்டி, அம்புட்டும் ஒண்ணுபோல நேரா நிக்கி. பாக்கவே அழகு. அத அவ நல்லபடியாக் கொண்டாந்துருவா.”

கவிப்ரியாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அண்ணன் இவ்வளவு அன்பாகப் பேசி எத்தனை நாளாயிற்று. தன் முளைதான் உயரம் என்று அவளுக்கும் தோன்றியிருந்தது, வாய்விட்டுச் சொன்னால் திமிர் என்பார்களே என்று சொல்லவில்லை. கொஞ்ச தூரம் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

பனங்கூட்டம் ஒன்றைக் கடக்கும்போது அந்தச் சிரிப்பு நின்றது.

“அண்ணே, என் முளைய நீ எங்க பாத்த?”

வண்டி ரோட்டை விட்டு ஒரு முழம் இறங்கி ஏறியது. பின்னால் பெண்கள் கத்தினார்கள். அம்மா சொன்னாக என்றான் மருதுபாண்டி. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றாள் இவள். துண்டு விலகியபோது பார்த்தேன் என்றான். ஏற்றும்போது நீ கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தாய் என்றாள். மூன்றாவது பொய் அவனுக்குக் கிடைக்கவில்லை. காது மடல் சிவந்து, ஸ்டியரிங்கை விட்டால் ஓடிப்போய்விடும் என்பதுபோல் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

கவிப்ரியா ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஆமாம், மத்தியானத் தண்ணீர் நேரத்தில் ஜன்னலுக்கு வந்தான். ஆமாம், கலைச்செல்விதான் திறந்தாள். இவன் வெளியே, அவள் உள்ளே, நடுவில் கம்பி. பேசினார்கள், அவ்வளவுதான். பொங்கலிலிருந்தே பிடிக்கும். நான்தான் முதலில் சொன்னேன், அவள் ரொம்ப நாள் பதிலே சொல்லவில்லை. நுங்கு வாங்கிக் கொடுத்தேன்.

“நுங்கா?”

இதுவரை வந்த கோபமெல்லாம் கோபமே இல்லை. பிறந்ததிலிருந்து இந்த அண்ணன் அவளுக்கு ஒரு நுங்கு வாங்கித் தந்ததில்லை. அவள் ஐஸ்கிரீமில் பாதியைப் பிடுங்கித் தின்றவன். இதை அவள் மனசுக்குள் வைத்துக்கொள்ளாமல் முழுசாகச் சொல்லித் தீர்த்தாள். மருதுபாண்டி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான்.

ஆனால் நுங்குக் கோபம் தீர்ந்த பிறகு அடியில் இன்னொன்று கிடந்தது. அது சுட்டது. டியூஷன் பையன் மூக்கு வரைக்கும் இவள் சொன்னாள். அவள் பொங்கலிலிருந்து மறைத்தாள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இன்று காலை, தனக்காகப் பழி சுமந்து, தன் முதல் முளைப்பாரியை விட்டுக்கொடுத்து நின்றவளின் கண்ணைப் பார்த்து, காத்துக்குத்தான் என்றாளே. அப்போதாவது சொல்லியிருக்கலாம். துரோகம் என்ற வார்த்தையைக் கவிப்ரியா பாடப் புத்தகத்தில்தான் படித்திருக்கிறாள். அது நெஞ்சில் எந்த இடத்தில் வலிக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

“கரைக்குப் போனதும் அம்மாகிட்டச் சொல்லுவேன்,” என்றாள்.

“என்னய அம்மா வெட்டட்டும் கவி, நான் வாங்கிக்கிறேன். ஆனா வீரையா மாமா காதுல விழுந்தா அவ படிப்பு போச்சு.”

“அத அவ நெனச்சிருக்கணும்.”

சொல்லிவிட்டு முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பின்னால் சண்முகவள்ளியின் மனசும் சரியில்லை. மகளைத் தண்டித்தது நியாயம்தான். ஆனால் இந்த மகள், சின்ன வயசில் சீனி டப்பாவைத் திறந்தால் வாயைத் துடைக்கும் முன்னே தானே வந்து சொல்கிறவள். அப்படிப்பட்டவள் ஜன்னலைத் திறந்துவிட்டு இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டா இருந்திருப்பாள்? எதிரே கலைச்செல்வி மடியில் ஒரு சட்டி, கைக்குள் ஒரு சட்டியாக உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் பாட்டெடுத்துக் கை தட்டும்போது அவள் குனிந்தே இருந்தாள். மஞ்சள் கயிறு கட்டிய சட்டியின் துண்டு சொட்டுச் சொட்டாக நனைந்தது. வேர்வை என்று நினைக்கச் சண்முகவள்ளி முயன்று பார்த்தாள்.

மூக்கையூர்க் கடல் அன்று அலையடிக்காமல் பளபளத்துக் கிடந்தது. பெண்கள் வண்டியிலிருந்து இறங்கியதுமே ஆளுக்கொரு கூச்சல். செருப்பில்லாத கால் மணலில் பட்டதும் எல்லாரும் துள்ள ஆரம்பித்தார்கள். கொட்டடிக்கும் முன்பே ஆட்டம் தொடங்கிவிட்டது என்று டிராக்டர்க்காரர்கள் சிரித்தார்கள். சட்டிகளை வட்டமாக வைத்து, துண்டை எடுத்து, கடைசியாக ஒரு சுற்றுக் கும்மி. அதற்குப் பிறகு கடல். சண்முகவள்ளி எல்லாரையும் விரட்டி ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள்.

கவிப்ரியா நேராக அவளிடம் போனாள்.

“அம்மா, ஒண்ணு சொல்லணும்.”

சண்முகவள்ளி நிமிர்ந்தாள். அதற்குள் கலைச்செல்வி வந்துவிட்டாள். இடுப்பில் இருந்த சட்டியை இறக்கிக் கவிப்ரியாவின் காலடியில் வைத்தாள். மஞ்சள் கயிறு. ஒரு முளைகூட முறியவில்லை.

“அத்த, ஜன்னலத் தெறந்தது நான். கவி இல்ல. இத நான் தூக்க மாட்டேன்.”

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அதிகம் பேசாதவள் பேசினால் எல்லாருக்கும் கேட்டுவிடுகிறது. கும்மிக்குக் கூடிய கைகள் நின்றன. பின்னால் கொட்டும் நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீரையா வந்தார். மகளைப் பார்த்தார், சண்முகவள்ளியைப் பார்த்தார். கேள்வியை மட்டும் கவிப்ரியாவிடம் கேட்டார்.

“காலையில ஒண்ணு சொன்ன. இப்ப இவ ஒண்ணு சொல்றா. நெசத்த நீ சொல்லு தாயி. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யாரு நின்னா?”

கவிப்ரியா வழியெல்லாம் ஆசைப்பட்டது இதற்குத்தானே. கோள் சொன்னாள் என்ற பெயர்கூட வராது. பெரியவர் கேட்டார், பதில் சொன்னாள், அவ்வளவுதான். வண்டி ஓரத்தில் நின்ற மருதுபாண்டி ஒரு எட்டு முன்னால் எடுத்து வைத்தான். மறு எட்டு வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான்.

கவிப்ரியா கலைச்செல்வியைப் பார்த்தாள். கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் கெஞ்சவில்லை, கண்ணால்கூடக் கேட்கவில்லை. சுடுமணலில் சுற்றி நின்ற அத்தனை பேரும் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் அசையாமல் நின்றாள். கால் எரியும். எரியட்டும் என்று நின்றாள். படிப்பு போகும் என்று தெரிந்தேதான் வந்து சொல்லியிருக்கிறாள் என்பது கவிப்ரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

“யாரும் நிக்கல மாமா,” என்றாள். “நான்தான் அவளத் தெறக்கச் சொன்னேன். காலையிலேயே எனக்கு மயக்கம் வருது, மத்தியானத்துல நீ செத்துருவடி, கொஞ்ச நேரம் தெறந்து வச்சுக்கோன்னு சொன்னேன். காத்துதான் வந்துச்சு.”

வீரையா நம்பினாரா என்று சொல்ல முடியாது. அவர் மறு கேள்வி யோசிப்பதற்குள் சண்முகவள்ளி நடுவில் வந்துவிட்டாள். மகன் எடுத்து வைத்த அந்த ஒரு எட்டை அவள் பார்த்திருந்தாள். அங்கிருந்து அவள் கண் கலைச்செல்வியிடம் போனது, அப்புறம் மகளிடம் வந்தது. ஓரக்கண்ணால் தன் சட்டியையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். மகனுக்கு நல்ல புத்தி வேண்டிப் போட்ட முளை, மகன் வந்து நின்ற ஜன்னல் பக்கமே சாய்ந்திருந்தது.

“வெக்கைக்குப் புள்ளைக ஜன்னலத் தெறந்ததுக்கு ஊர்க் கூட்டமா அண்ணே?” என்றாள் சத்தமாக. “ரெண்டும் நாளைக்குக் கோயில் பொங்கலுக்குத் தண்ணி எடுக்கட்டும், அதுதான் அபராதம். நீங்க போயிக் கொட்டடிக்கச் சொல்லுங்க. புள்ளைகளுக்குக் கால் சுடுது.”

கால் சுட்டது வீரையாவுக்கும்தான். ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போனார். சண்முகவள்ளி குனிந்து மஞ்சள் கயிறு கட்டிய சட்டியை எடுத்து மகள் தலையில் வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கு ஒரு அத்தியாயம் போதாது. குலவைச் சத்தத்தில் கரையில் கிடந்த நாய்கள் எழுந்து ஓடின. வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து அவர்களும் ஒரு குலவை போட்டார்கள். கும்மி மூன்று தடவை முடிந்து, மூன்று தடவை மறுபடி தொடங்கியது. தண்ணீரில் இறங்க வேண்டிய நேரத்தில், பயமாக இருக்கிறது என்று சொன்ன பெண்கள்தான் முதலில் இடுப்பளவு போனார்கள்.

கவிப்ரியாவும் கலைச்செல்வியும் பக்கத்தில் பக்கத்தில் இறங்கினார்கள். சட்டியைச் சாய்த்ததும் முளை தண்ணீரில் பிரிந்து, மஞ்சள் நாராக மிதந்து போனது. கவிப்ரியா அது போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஒம்மேல கோவம் போகல,” என்றாள்.

“தெரியும்.”

“நாளைக்குப் போயிரும். இன்னைக்கு இருக்கு.”

“சரி.”

“அண்ணன் ஒளறிட்டான். என் முளை ஒசரமாம்.”

கலைச்செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். காலையிலேயே சொல்ல வந்ததாகவும், சொன்னால் கவி தன்னைவிட்டுப் போய்விடுவாள் என்று பயந்ததாகவும் திக்கித் திக்கிச் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். கவிப்ரியாவுக்கும் அழுகை வந்தது. கோபம் நாளைக்குப் போகும் என்று சொன்னது பொய், அது அந்த நிமிஷமே பாதி போய்விட்டது.

“இனிமே எல்லாத்தையும் சொல்லணும். டியூஷன் பையன் மூக்கக் கொடைஞ்சது வரைக்கும் நான் சொன்னேன்ல.”

கலைச்செல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

“ஒங்க அண்ணனும் கொடைவாருடி,” என்றாள்.

கவிப்ரியாவுக்குச் சிரிப்பு வெடித்தது. சிரித்த வேகத்தில் அவள் கால் வழுக்க, பிடிக்க வந்தவளையும் இழுத்துக்கொண்டு இருவரும் தண்ணீருக்குள் விழுந்தார்கள். உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறி, இருமி, மறுபடி சிரித்தார்கள். கரையிலிருந்து பார்த்த வீரையா, இதுகளை எப்படி ஹாஸ்டலில் சமாளிக்கப் போகிறார்களோ என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். ஹாஸ்டல் என்று அவர் வாயால் சொன்னதைக் காற்று தண்ணீர் வரைக்கும் கொண்டுவந்தது. கலைச்செல்வி கவிப்ரியாவின் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

பொழுது சாயத் தொடங்கியதும் எல்லாரும் வண்டி ஏறினார்கள். சேலையெல்லாம் ஈரம், தலையெல்லாம் மணல். கவிப்ரியா வந்ததுபோலவே முன்னால் உட்கார முன் கதவைத் திறக்கப் போனாள். அவளுக்கு முன்னால் சண்முகவள்ளி ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

“நீ பின்னால போ தாயி. வரும்போது நான் பின்னால உக்காந்து இடுப்பு ஒடிஞ்சு போச்சு.”

இடுப்பு ஒடிந்ததாகச் சொன்னவள்தான் மூன்று கும்மிக்கும் முதல் ஆளாகக் குனிந்து நிமிர்ந்தவள். கவிப்ரியா போய்ப் பின்னால் ஏறினாள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த சின்னக் கண்ணாடி வழியாகக் கலைச்செல்வியும் அவளும் தலையை முட்டிக்கொண்டு உள்ளே பார்த்தார்கள்.

மருதுபாண்டி சாவியைத் திருகினான்.

“ஏலே, ஜன்னல் கண்ணாடிய ஏத்து,” என்றாள் சண்முகவள்ளி. இது பின்னால் இருந்தவர்களுக்கும் கேட்டது.

“வெக்கையா இருக்கேம்மா.”

“தெரியும்ல. ஏத்து.”

அவன் ஏற்றினான். அவளும் தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினாள். அதற்குப் பிறகு ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. வண்டி கிளம்பியது. சண்முகவள்ளி முந்தானையிலிருந்து எதையோ எடுத்து மகன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். கடலில் கரைக்காமல் அவள் எடுத்து வைத்திருந்த ஒற்றை முளை. ஒரு பக்கமாகச் சாய்ந்த முளை. மருதுபாண்டியின் கழுத்தில் வேர்வை வழிந்தது. அவன் ரோட்டைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. அம்மாவின் வாய் அசைந்தது. திட்டுகிறாளா, கேட்கிறாளா, சிரிக்கிறாளா என்று பின்னால் இருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

“என்னடி சொல்றாக?” என்றாள் கலைச்செல்வி.

“தெரியலடி.”

இருவரும் கையைக் கோத்துக்கொண்டார்கள். பெண்கள் பாட்டெடுத்தார்கள், களங்களில் வற்றலை அள்ளிச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், காற்றுகூடக் கொஞ்சம் குளிர ஆரம்பித்தது. ஆனால் வண்டி கடலாடி தாண்டும் வரைக்கும் அந்த இரண்டு கண்ணாடியும் இறங்கவே இல்லை.